இரண்டாம் ஆட்டம்

கொலைகாரன் யாரென்று
பன்னிரண்டாம் நிமிடமே தெரிந்துவிட்டது.
இவ்வளவு பெரிய நடிகரை
மீன்தொட்டிக்குத் தீனி போட மட்டுமா
சம்பளம் கொடுத்துக் கூப்பிட்டிருப்பார்கள்?

அற்புதமேரி என் காதில் சொல்லுமுன்
முன்வரிசை ஆள் சத்தமாகவே சொல்லிவிட்டார்.
பாண்டிச்சேரி போய்த் திரும்பியவர்,
வாசனையே சொன்னது.
"டேய், அந்தாளுதாண்டா."
சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.
அன்றைக்குக் கொடுத்த காசு வீண்போகாதவர்
அவர் ஒருவர்தான்.

திருப்பாப்புலியூர்.
மூட்டைப்பூச்சி நாற்காலி.
வாரத்தில் ஒரே ராத்திரி எனக்கு ஓய்வு.
மனநல வார்டில் நர்ஸ் நான், அவளும்.
போஸ்டரில் பாதி முகம் சிரிக்க
பாதி முகம் முறைத்ததைப் பார்த்து
"வாடி, நம்ம டிபார்ட்மென்ட் படம்" என்று
இழுத்துவந்துவிட்டாள்.

கண்ணாடி உடைந்தது.
வயலின் ஒன்று விடாமல் அழுதது.
மழை பெய்தது, மின்னலோடு.
கடலூர்க்காரர்களுக்கு
மழையைக் காட்டிப் பயங்காட்டுகிறார்கள்!
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏறினாலே
மெழுகுவத்தியும் ரொட்டியும்
வாங்கி வைத்துக்கொள்கிற ஊர்.
பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்,
அது எங்கள் வரிசைக்கும் வந்தது.

பிறகு ஒரு மின்விசிறி.
மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றியது,
காமிரா அதையே பார்த்துக்கொண்டிருந்தது.
எங்கள் வார்டு விசிறிகளுக்கு
கம்பிக்கூண்டு போட்டிருக்கும்.
ஏன் என்று புதிதாய் வருகிறவர்கள் கேட்பதில்லை.
ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள்,
அவ்வளவுதான்.

இடைவேளையில் பப்ஸ் ஆறிப்போயிருந்தது.

அப்புறம் அவர் விளக்க ஆரம்பித்தார்.
அப்பாவின் பெல்ட், பூட்டிய பீரோ,
தலையில்லாத பொம்மை
எல்லாம் கறுப்பு வெள்ளையில்.
பதினெட்டு நிமிடம், நான் மணி பார்த்தேன்.
ஒவ்வொரு கொலைக்கும் ஒரு காரணம்,
ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு பீரோ.
போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டியபடி
கை வலிக்கக் கேட்டுக்கொண்டு நின்றார்.

எங்களிடம் யாரும்
அப்படி எடுத்துச் சொன்னதில்லை.

கலியவரதன் தை மாதம் வந்தார்.
நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டியவர்.
இப்போது ஐப்பசி.
இதுவரை ஒரு சொல் இல்லை.
துண்டை நாலாக மடிப்பார், பிரிப்பார், மடிப்பார்.
ஒன்பது மணிக்கு மாத்திரை.
தண்ணீர் குடித்ததும் தானே வாயைத் திறந்து காட்டுவார்,
நாக்கைத் தூக்கியும் காட்டுவார்.
ஒன்றும் இருக்காது.
போன வாரம் தலையணை உறைக்குள்
நான்கு மாத்திரை இருந்தன,
ஈரம் பட்ட சுவடே இல்லாமல்.
எப்படி என்று இன்னும் தெரியாது.

அப்போதுதான் உறைத்தது:
இன்றைக்கு ட்யூட்டியில் யோகவல்லி.
வந்து மூன்று நாள்.
தலையணை விஷயத்தை அவளிடம் சொன்னேனா?

திரையில் யாரோ மாடியிலிருந்து விழுந்தார்கள்.
போனை முந்தானைக்குள் வைத்து மெசேஜ் அடித்தேன்.
ஒரு டிக்.
போலீஸ்காரரே அந்தப் பொம்மையின் அண்ணனாம்;
தியேட்டர் சிரித்தது.
ஒரு டிக்.
தூங்கியவர் எழுந்து,
"நாந்தான் அப்பவே சொன்னேனே" என்றார்.
ஒரு டிக்.

கெடிலம் பாலத்தில் ஸ்கூட்டி.
காற்று திரும்பியிருந்தது,
சிப்காட் வாடை மூக்கில் ஏறியது.
பின்னால் அற்புதமேரி
டிக்கெட் காசுக்கு என்னென்ன வாங்கியிருக்கலாம் என்று
கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.
பாலத்தின் நடுவில் போன் அதிர்ந்தது.
ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"உறையெல்லாம் பாத்துட்டேங்க்கா, ஒண்ணுமில்ல.
ஆனா அவரு பேசினாரு.
'லோடு எறக்கியாச்சா'ன்னு கேட்டாரு.
நான் என்ன சொல்றதுன்னு தெரியாம
சிஸ்டர் வருவாங்க, கேட்டுச் சொல்றேன்னுட்டேன்.
சரின்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

கீழே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று
இருட்டில் தெரியவில்லை.
காலை ஏழு மணிக்கு எனக்கு ட்யூட்டி.

எந்த லோடு?
இறக்கியாச்சு என்று சொல்வதா,
இல்லை என்பதா?